பதினொரு மாடுகள், பத்து ஊசிகள்

கடந்த அக்டோபரில் நான் பாறசாலைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, மாட்டு ரத்தம் எடுக்க. கால்நடை மரபியலில் ஆராய்ச்சி மாணவி நான். இதே வேலைக்காக அந்தப் பக்கம் போகப்போகிற சிலர் வழி, செலவு, தங்குமிடம் எல்லாம் கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பஸ் கட்டணத்தோடு நிறுத்த முடியாது என்று தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கால்நடை மருத்துவம் படித்து முடித்த பிறகும், கொம்பை ஆட்டுகிற மாட்டுக்கு முன்னால் நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். "ஊசி மாட்டுக்கா உனக்கா?" என்று விடுதித் தோழிகள் கிண்டல் செய்வார்கள். அதனாலேயே வேலையில் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

ஆராய்ச்சி என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். உண்ணி கடித்தால் மாட்டின் ரத்தத்தில் ஒரு ஒட்டுண்ணி புகுந்துவிடும். அது சிவப்பணுக்களுக்குள் இருந்து பெருகி அவற்றை உடைக்கும். காய்ச்சல் வரும், சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகும், கவனிக்காவிட்டால் மாடு செத்துப்போகும். கலப்பினப் பசுக்கள் இதில் சீக்கிரம் விழுந்துவிடும். இடுப்புயரம்கூட இல்லாத நாட்டு மாடுகளோ அதே உண்ணிக் கடியை வாங்கிக்கொண்டு அசை போட்டுக்கொண்டு நிற்கும். ஒட்டுண்ணி அவற்றின் உடம்பிலும் இருக்கும், ஆனால் மாடு அதைத் தாங்கிக்கொள்ளும். அந்தத் தாங்கும் திறன் எந்த மரபணுவில் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எல்லைக் கிராமங்களில் நாட்டு மாடுகள் இன்னும் இருப்பதால் அங்கே போனேன். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊர்களில் உள்ள கலப்பினப் பசுக்களின் ரத்தமும் வேண்டியிருந்தது.

இனி வழி. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து பாறசாலை சுமார் நாற்பது கிலோமீட்டர். நான் ஏறிய பாசஞ்சர் காலை 6.35க்குக் கிளம்பி 7.40க்குப் பாறசாலையில் விட்டது. டிக்கெட் பத்து ரூபாய். ரயிலைத் தவற விட்டால் களியக்காவிளைக்குப் பஸ் ஏறி அங்கிருந்து கேரள பஸ் பிடிக்கலாம், ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் ஐஸ் பெட்டியும் ரத்தம் தடவும் கண்ணாடிச் சில்லுகளும் வைத்திருப்பவர்களுக்கு ரயில்தான் நல்லது. தங்கியது நெய்யாற்றின்கரையில், பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ். நாள் வாடகை தொள்ளாயிரம். உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி அவருடைய ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு இடம் வாங்கிக்கொள்ளுங்கள். "மாட்டு ரத்தம்" என்று சொல்ல வேண்டாம், "சாம்பிள்" என்று சொன்னால் போதும்.

ஆட்டோவுக்கு நாள் வாடகை ஆயிரத்து முந்நூறு. என்னைக் கூட்டிப்போனவர் பெயர் சசி. நாற்பது வயதிருக்கும், காலையில் பால் சொசைட்டிக்குக் கேன் ஏற்றுகிறவர். எந்த வீட்டில் எந்த மாடு, எத்தனை மாதச் சினை, எது உதைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். நான் தமிழில் கேட்க அவர் இரண்டிலும் பதில் சொல்வார்.

"டாக்டரே, பெட்டிய கீழ வைக்கண்டாம், மழை பெய்தா நனையும். மடியில வச்சிட்டு வண்டியில கயறுங்க. பதினொண்ணு வீடு உண்டு இண்ணைக்கு."

வேலை செய்யும் முறையையும் சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது அதில்தான் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. ஊசியின் மூடியைச் சுற்றிக் காகித சீல் ஒட்டியிருக்கும். மூடியைத் திருகினால் அது 'டக்' என்று கிழியும். கழுத்து ரத்தநாளத்தில் குத்தி, குழாயில் ரத்தம் எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவிக் காயவைத்து (இதுதான் ஸ்மியர்), பயன்படுத்திய ஊசியை மூடித் தகர டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் குழாய்களையும் டப்பாவில் உள்ள ஊசிகளையும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஐந்து மாடுகளை முடித்துவிட்டு 11.20க்குக் குளத்தூரில் தங்கப்பன் என்பவர் வீட்டுக்குப் போனோம். அறுபது வயதைத் தாண்டியவர், வாழைத் தோட்டக்காரர். தோட்டத்து ஓரத்தில் செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டைப் பசு. காது மடலில் உண்ணி இருந்தது, எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

"இதுக்கு ஒரு சூக்கேடும், நோயும் வந்ததில்ல, கேட்டியளா" என்றார் தங்கப்பன். "இதப் பெத்த தள்ளையும் இஞ்சதான் நின்னுது. பட்டுண்ணி கடிச்சா கடிச்சிட்டு போட்டுன்னு நிக்கும். மிருகாஸ்பத்திரிக்கு நாங்க இத கொண்டு போனதே இல்ல."

இப்படிப்பட்ட மாட்டைத் தேடித்தான் நான் வந்திருந்தேன். குத்தி ரத்தம் எடுத்து முடிக்கும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. சில்லு நனையக் கூடாது என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். தகர டப்பா பையின் அடியில் இருந்தது. கையிலிருந்த ஊசியை மூடிபோட்டு மேலங்கிப் பையில் செருகினேன். மழையில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மூன்று புது ஊசிகளையும் அதே பையில்தான் வைத்திருந்தேன்.

அடுத்த வீடு திருப்புறத்தில், நான்கு கிலோமீட்டர். அங்கே லீலாபாய் என்கிற அக்கா. கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கிறார். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். ஓட்டுத் தொழுவத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கலப்பினப் பசு, வயிறு பெருத்து நின்றது. அந்த வீடு நடப்பது அதன் பாலில். கன்று ஈன்றால்தான் அடுத்த பால்.

"எட்டு மாசம் செனையாக்கும், மக்கா. மெல்ல குத்து, கேட்டியா. இதுக்கு பேடி உண்டு" என்றார்.

"எனக்கும் பயம்தான், அக்கா" என்றேன். அவர் சிரித்தார். பசுவின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் திருகினேன், குத்தினேன், முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கட்டன்சாயாவும் நேந்திரங்காய் வறுத்ததும் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம்.

மாலை ஐந்தரைக்கு லாட்ஜ் அறையில் எண்ணினேன். குழாய் பதினொன்று, டப்பாவில் ஊசி பத்து. மேலங்கியை உதறினேன், பையைக் கவிழ்த்தேன், கீழே போய்ச் சசியிடம் ஆட்டோ இருக்கைக்கு அடியில் தேடச் சொன்னேன். பிறகுதான் புது ஊசிகளை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. காலையில் கொண்டுபோனது இருபத்தைந்து. பதினான்கு மிச்சம் இருக்க வேண்டும், பதினைந்து இருந்தது. ஊசி தொலையவில்லை. ஒரே ஊசியை இரண்டு மாட்டுக்குக் குத்தியிருக்கிறேன்.

எந்த இரண்டு மாடு என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பயன்படுத்திய ஊசியை நான் மேலங்கிப் பையில் வைத்தது ஒரே ஒரு தடவை. லீலாபாய் வீட்டில் மூடியைத் திருகியபோது சீல் கிழிந்த 'டக்' விரலில் தெரிந்ததா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ ஆசைப்பட்டேன், ஆனால் தெரியவில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "முதல்ல ஸ்மியரைப் பாரும்மா. அந்த நாட்டு மாட்டுல ஒண்ணும் இல்லைன்னா பிரச்சினையே இல்லை. அவசரப்பட்டு ஊரைக் கலவரப்படுத்தாதே. ஒரு வீட்ல சொன்னா நாளைக்கு எந்த வீட்லயும் மாட்டைத் தொட விட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. நியாயமோ இல்லையோ, எனக்கு அது வசதியாக இருந்தது. உடனே போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அதியன்னூர்ப் பக்கம் ஒன்பது மாடுகள். ஒவ்வொரு ஊசியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சீலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருகினேன். மதியம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், எண்பது ரூபாய், சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். நாலு மணிக்கு உள்ளூர்க் கால்நடை மருத்துவர் தன் மைக்ரோஸ்கோப்பைப் பயன்படுத்தத் தந்தார். தங்கப்பன் வீட்டுச் சில்லில் சாயம் ஏற்றிக் கழுவிக் கண்ணை வைத்தேன். முதல் சில வட்டங்களில் ஒன்றும் இல்லை. ஓரத்துக்கு நகர்த்தினேன். ஒரு சிவப்பணுவுக்குள் பேரிக்காய் விதை போல இரண்டு ஊதாப் புள்ளிகள், முனையோடு முனை ஒட்டியபடி. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜோடி.

ஒரு வருடமாக நான் தேடியது அது. உடம்பு முழுக்க ஒட்டுண்ணி இருந்தும் ஒரு நாள்கூட நோயில் படுக்காத மாடு. வேறு எந்த நாளாக இருந்தாலும் குதித்திருப்பேன். அன்றைக்கு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன், மருத்துவரும் குனிந்து பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில், "இந்த ரத்தம் செனைப்பசுவுக்க உடம்பில போச்செங்கில் ஒரு வாரம், பத்து நாள்ல தெரியும். வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார். முன்கூட்டியே மருந்து போட முடியாதா என்று கேட்டேன். நிறைமாதம் நெருங்கும் பசுவுக்கு நோய் தெரியாமல் அந்த மருந்தைப் போட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நேரமும் காய்ச்சல் பார்க்க வேண்டும், ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும் என்றார்.

காய்ச்சல் பார்க்க வேண்டும் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆட்டோவில் ஏறிச் சசியிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

"சொல்லண்டாம் டாக்டரே. நானாக்கும் அந்த வீட்ட காட்டித் தந்தது. பின்ன எனக்கு அந்த வழிக்குப் போக ஒக்குமா? ஒண்ணும் வராதெங்கில் சொன்னது வெறுதே வீணாச்சே."

"வந்தா, அண்ணே?"

அவர் வண்டியைக் கிளப்பித் திருப்புறத்துக்கு விட்டார்.

லீலாபாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன மக்கா, பின்னயும் வந்தியா? சாயா குடிக்கியா?" என்றார். நான் வந்த வேகத்திலேயே சொன்னேன், இல்லாவிட்டால் மென்று முழுங்கியிருப்பேன்.

"அக்கா, திங்கக்கிழமை உங்க மாட்டுக்குக் குத்தின ஊசி புதுசு இல்ல. அதுக்கு முன்னாடி வேற மாட்டுக்குக் குத்தினது. தெரியாம நடந்துபோச்சு. அந்த மாட்டு ரத்தத்துல கிருமி இருக்கு. அந்த மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க மாட்டுக்கு ஆகலாம்."

பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"திங்கக்கிழமை சாயங்காலம்."

"இண்ணைக்கு புதன்" என்றார்.

அவ்வளவுதான். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "இனி என்ன செய்யணும், டாக்டரே? அத சொல்லுங்க." அந்த நிமிடத்திலிருந்து இன்றுவரை அவர் என்னை மக்கா என்று கூப்பிட்டதில்லை.

மீதி ஊர் வேலையை நிறுத்திவிட்டு, லாட்ஜில் கூடுதலாகப் பதினொரு நாள் தங்கினேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் திருப்புறம். பசுவைத் தொட லீலாபாய் என்னை விடவில்லை. வெப்பமானியை அவரே வைத்து, அவரே எடுத்து, என் கையில் தருவார். நான் பாதரசக் கோட்டைப் படித்துச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு 101.5 பாரன்ஹீட் அளவில் இருப்பது இயல்பு. 101.4. 101.6. 101.2. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 102 இருந்தது, உடனே மருத்துவருக்குப் போன் செய்தேன். வெயிலில் கட்டியிருந்ததால் என்று மருத்துவர் போனில் சொன்னார். சனிக்கிழமை மறுபடியும் 101.4. ஞாயிற்றுக்கிழமை லீலாபாய் தேவாலயத்துக்குப் போய் வந்து, முதல் முறையாக ஒரு கிளாஸ் சாயாவை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் வராது என்று அன்றைக்கு நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை 104.8.

மருத்துவர் ஆறேகாலுக்குப் பைக்கில் வந்து ஊசி போட்டார். மறுநாள் காலை சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது. லீலாபாய் அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துக் காட்டினார். பசு வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டது. புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. வியாழக்கிழமை புல் தின்றது. "ரெண்டு நாள் தாமசிச்சிருந்தா பசு போயிருக்கும்" என்றார் மருத்துவர்.

அந்த நாட்களில் என் மூளை ஒரு கேவலமான வேலையைச் செய்துகொண்டிருந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தொழுவத்திலும் உண்ணி உண்டு. நோய் உண்ணியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாமே? நான் குத்தும் முன்பே அந்தப் பசுவின் ரத்தத்தில் கிருமி இருந்திருக்கலாமே? திங்கட்கிழமை எடுத்த குழாய் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அதைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு உறைத்தது. அந்தக் குழாய்க்கு வந்த ரத்தமும் அதே ஊசி வழியாக வந்ததுதான். கிருமி தெரிந்தாலும் அது எந்த மாட்டுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நான்தான் காரணமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. நான்தான் என்று வைத்துக்கொண்டே நடக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே சசி லாட்ஜ் கதவைத் தட்டினார். "கன்னு போச்சு, டாக்டரே."

தொழுவத்தின் ஓரத்தில் சாக்கு போட்டு மூடியிருந்தது. குறைமாதத்தில் செத்துப் பிறந்த கிடேரிக் கன்று. பசு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. லீலாபாயின் கணவர் வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான் அழுதுவிட்டேன். அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

லீலாபாய் சாக்கின் விளிம்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நீங்க வந்து சொன்னதுகொண்டு பசு நிக்குது. நீங்க வந்ததுகொண்டு கன்னு போச்சு. ரெண்டும் உள்ளதாக்கும். நான் ரெண்டையும் மறக்க மாட்டேன். போயிட்டு வாங்க."

இப்போது, போகப்போகிறவர்களுக்கு. அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். மழையில் சில்லும் காயாது, அவசரமும் கூடும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஒரு நாளைக்கு ஆறு மாடுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பயன்படுத்திய ஊசி டப்பாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், மேலங்கியில் பையே வேண்டாம், நான் என்னுடையதைத் தைத்து மூடிவிட்டேன். குழாயையும் ஊசியையும் சாயங்காலம் எண்ணாதீர்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எண்ணுங்கள். உள்ளூர் மருத்துவரை முதல் நாளே போய்ப் பாருங்கள். தப்பு நடந்தால் அதே நாள் சொல்லுங்கள். நான் சொல்லத் தாமதித்த இரண்டு நாளால் எந்த மாற்றமும் வந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். இருந்தாலும் 'இண்ணைக்கு புதன்' என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஆய்வில் மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வேண்டும். ஜனவரியில் போனபோது லீலாபாய் வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சசிதான் கேட்டுவிட்டு வந்து சொன்னார், "வரச் சொன்னாவ." நம்ப முடியாமல் போனேன். பசு தேறியிருந்தது. நான் பெட்டியைத் திறந்ததும் லீலாபாய் கையை நீட்டினார்.

"ஊசிய எனக்க கையில தாங்க."

கொடுத்தேன். வெயிலில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சீலைத் தடவினார். பிறகு தானே மூடியைத் திருகினார், 'டக்' என்று கேட்டது. "இனி குத்துங்க" என்று என்னிடம் தந்துவிட்டுப் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் ஊசியை முதலில் மாட்டுக்காரர் கையில்தான் கொடுக்கிறேன், சீலை அவர்கள்தான் கிழிக்க வேண்டும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எதற்கு இது என்று கேட்பார்கள், மறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். நான் சொன்னேன். பெரும்பாலானவர்கள் ஊசியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுக் குத்தவிட்டார்கள். இரண்டு வீட்டில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மாட்டை அவிழ்த்துத் தொழுவத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இரண்டு வீட்டிலிருந்தும் ரத்தம் எடுக்காமல் திரும்பி வந்தேன்.